தெரியாத ஆளுக்கு ஒரு ஈமெயில்



கொஞ்சம் நீண்ட பதிவு. கெம்பஸில் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஆறுதலாக வாசியுங்கள். ஊருக்கு வெளியே நல்ல இடங்களில் தொழில் பார்க்கும் நம்மவர்கள் கடைசிப் பகுதியையாவது வாசிக்க வேண்டும். அது உங்களுக்கென்றே எழுதியது.

"நாங்கள்" என்று இங்கே சொல்வது ஒரே பாடசாலையில் நீண்ட காலமாகப் படிப்பிக்கும் மூன்று ஆசிரியர்களை. ஒருவருக்கு விஞ்ஞானம், ஒருவருக்குக் கணிதம், ஒருவருக்கு ஆங்கிலம். பாடசாலை விட்ட பிறகு ஊர் வாசிகசாலையில் உட்கார்ந்து பழைய மாணவர்களின் விண்ணப்பப் படிவங்களையும் சுயவிபரக் கோவைகளையும் திருத்திக் கொடுப்போம். அந்த மேசையில் போன வருடம் நடந்த ஒன்றைத்தான் எழுதுகிறோம். பிள்ளையிடமும் அவளுடைய உம்மா வாப்பாவிடமும் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகே எழுதுகிறோம். பெயர் சொல்ல மாட்டோம். யாரென்று தெரிந்தவர்களும் கொமெண்டில் எழுத வேண்டாம்.

எங்களிடம் படித்த பிள்ளை அவள். வாப்பா கரைவலைத் தொழிலாளி. நல்ல பெறுபேறு எடுத்து, வெளி மாகாணத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கிறாள். மூன்றாம் வருடத்தில் ஆறு மாத உள்ளகப் பயிற்சி கட்டாயம். பயிற்சிக்கான இடத்தை மாணவர்களே தேடிக்கொள்ள வேண்டும், பத்து வாரம் அவகாசம் என்று துறையில் சொல்லியிருந்தார்கள். தேடிக்கொள்ளாவிட்டால் அடுத்த பட்ச்சோடுதான். வீட்டில் மாப்பிள்ளைப் பேச்சும் தொடங்கியிருந்தது. ஒரு வருடம் பிந்தினால் படிப்பு அத்தோடு நின்றுவிடும் என்பது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அவளுடைய வாப்பா நம்மூர் வழக்கப்படி ஆள் பிடிக்கப் போனார். இரண்டு கிழமையாகத் தொழிலுக்குப் போகவில்லை. மகளின் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு, அரசியல்வாதிக்கு நெருக்கமான ஒருவரின் வீட்டு வாசலில் காலையும் மாலையும் நின்றார். "எம்பிட்ட கடிதம் ஒண்டு எடுத்துத் தாறன் எண்டு சென்னாங்க சேர்" என்றார். கடிதம் வரவில்லை. வந்திருந்தாலும் யாருக்கு எழுதிய கடிதம், எந்த ஒபிஸுக்கு என்பது அவருக்கும் தெரியாது, கேட்கப் போன இடத்தில் இருந்தவருக்கும் தெரியாது.

நாங்கள்தான் அவளிடம் சொன்னோம்: "மகள், நீங்களே எழுதுங்க. கடலோரம், சுற்றாடல், நில அளவை என்று வேலை பார்க்கிற ஆட்களுக்கு ஈமெயில் போடுங்க. தெரியாத ஆளென்று பார்க்காதீங்க."

சொன்னது சரி. எழுதிக் கொடுத்த விதம்தான் பிழை. அந்தப் பிழை முழுக்க எங்களுடையது.

பாடசாலையில் நாங்கள் படிப்பிக்கும் விண்ணப்பக் கடிதம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் அதே அச்சில் ஒன்று எழுதிக் கொடுத்தோம். "ரெஸ்பெக்டட் சேர்" என்று தொடக்கம். மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன், வறிய குடும்பத்தைச் சேர்ந்த மாணவி, தங்கள் மேலான நிறுவனத்தில் ஏதாவதொரு பயிற்சி இடம் தந்து என் எதிர்காலத்துக்கு ஒளியேற்றுங்கள் என்று ஒரு பக்கம். கீழே நான்கு பக்கச் சுயவிபரக் கோவை. அதில் ஆறாம் தரத்தில் எடுத்த பேச்சுப் போட்டிச் சான்றிதழும் இருந்தது. பெயரை மட்டும் மாற்றி மாற்றி 11 பேருக்கு அனுப்பினாள். பெரும்பாலும் பணிப்பாளர், தலைவர் என்று மேலே இருப்பவர்களுக்கு.

மூன்று கிழமை போனது. ஒரு பதிலும் இல்லை.

அதற்குள் விடயம் குடும்பத்துக்குள் பரவிவிட்டது. ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு அவளுடைய சாச்சா எங்களைத் தேடி வந்தார். கோபமாக வரவில்லை. தயங்கித் தயங்கித்தான் கேட்டார். "சேர், கொமர்ப் புள்ள. தெரியாத ஆம்புளயளுக்கு கடிதம் எழுதுற எண்டா நாளைக்கு ஊரு என்ன கதைக்கும்? நீங்க செல்லித்தான் எழுதுற எண்டு வாப்பா பேசாம இரிக்கார்." அவரை இங்கே குறை சொல்லவில்லை. அவர் கேட்டதில் ஒரு பாதி நியாயம். அதைப் பின்னால் சொல்கிறோம்.

அன்றிரவு அனுப்பிய கடிதங்களை மூவரும் ஒன்றாக உட்கார்ந்து வாசித்தோம். முதலில் கண்ணில் பட்டது, 11 பேரில் இருவர் பெண்கள். இருவருக்கும் "சேர்" என்றே போயிருந்தது. அடுத்து, கடிதத்தில் ஒரு கேள்வியும் இல்லை. வாசிக்கிறவர் என்ன செய்ய வேண்டும் என்று எங்கேயும் இல்லை. "ஏதாவது" ஒரு உதவி கேட்டிருந்தோம். ஏதாவது என்றால் எதைக் கொடுப்பது? அவள் யார், மற்ற ஆயிரம் பிள்ளைகளிலிருந்து எதில் வேறுபட்டவள் என்பதும் தெரியவில்லை. வறுமை மட்டும் தெரிந்தது. எங்கள் பிள்ளையை நாங்களே கையேந்த வைத்திருந்தோம்.

அடுத்த நாள் அவளைக் கூப்பிட்டுக் கேட்டோம். "கடலைப் பற்றி நீங்களாக ஏதாவது செய்திருக்கிறீங்களா மகள்? யாரும் சொல்லாமல், புள்ளிக்காக இல்லாமல்?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது சும்மா எழுதினது" என்று ஒரு சீஆர் கொப்பியைப் பற்றிச் சொன்னாள்.

எங்கள் கரையைக் கடல் எடுக்கிற கதை ஊராருக்குப் புதிதில்லை. கிழக்குக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கடலுக்குள் குறுக்கே ஒரு சுவர் எழும்பினால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை அரியும். அதோடு வாடைக் காலத்தில் எடுத்ததைச் சோழகத்தில் கடல் ஓரளவு திருப்பித் தருவதும் உண்டு. எது எவ்வளவு என்று அளந்தால்தான் தெரியும். இந்தப் பிள்ளை உயர்தரம் எழுதிய நாளிலிருந்து அளந்திருக்கிறாள். வாப்பாவின் பழைய வலைக்கயிற்றில் ஒரு மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, வீட்டுக்கு முன்னால் நின்ற தென்னையிலிருந்து அலை வந்து தொடும் இடம் வரை. கெம்பஸ் போன பிறகு தம்பி அளந்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். மொத்தம் 38 மாதம். இரண்டு மாதம் விடுபட்டிருந்தது. "வாப்பாக்கு சுகமில்லாத மாசம்" என்று ஒன்றுக்கு எதிரே எழுதியிருந்தாள்.

மூன்று வருடமாக இந்தக் கொப்பி எங்கள் கையெட்டும் தூரத்தில் இருந்தது. நாங்கள் கேட்கவேயில்லை.

புதிய கடிதத்தை அவளே எழுதினாள். ஆங்கிலம் படிப்பிக்கும் எங்களில் ஒருவர் பிழைகளை மட்டும் திருத்தினார், வசனங்களைத் தொடவில்லை. தலைப்பில் "கிழக்குக் கரை அரிப்பு: 38 மாத அளவீடு பற்றி ஒரு கேள்வி" என்று போட்டாள். கடிதத்தின் தமிழ் வடிவம் இது:

"நான் புவியியல் மூன்றாம் வருட மாணவி. அம்பாறை மாவட்டக் கரையோரத்தைச் சேர்ந்தவள். கரை அரிப்புப் பற்றிய தங்கள் கட்டுரையை வாசித்தேன். பருவகால அரிப்பையும் நிரந்தர அரிப்பையும் பிரித்தறிய நீண்ட கால அளவீடுகள் தேவை என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். நான் 38 மாதங்களாக எங்கள் வீட்டுக்கு முன்னாலுள்ள கரையை மாதம் ஒரு தடவை கயிற்றால் அளந்து வருகிறேன். தொடங்கும்போது தென்னையிலிருந்து கடல் 17 மீற்றர் தூரத்தில் இருந்தது. 22ஆம் மாதம் அந்தத் தென்னையே கடலில் விழுந்துவிட்டது. அதன் பிறகு பழைய தைக்காக் கிணற்றுக் கட்டிலிருந்து அளக்கிறேன். அது 15 மீற்றரில் தொடங்கி இப்போது 11 மீற்றர். இந்த இரண்டு அளவுகளையும் ஒரே தொடராகச் சேர்க்க முடியுமா, அல்லது பிரித்தே வைக்க வேண்டுமா? இரண்டு வரியில் பதில் கிடைத்தாலும் எனக்கு உதவியாக இருக்கும்."

அவ்வளவுதான். பயிற்சி இடம் கேட்கவில்லை. சுயவிபரக் கோவை இணைக்கவில்லை. வறுமையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இம்முறை மேலே இருப்பவர்களை விட்டுவிட்டு, கட்டுரை எழுதியவர்கள், களத்தில் வேலை செய்பவர்கள், அவளைவிட ஐந்து பத்து வருடம் முன்னால் நடப்பவர்கள் என்று 12 பேரைத் தேர்ந்தெடுத்தாள். ஆய்வுக் கட்டுரைகளின் முதல் பக்கத்திலேயே எழுதியவரின் ஈமெயில் முகவரி பெரும்பாலும் அச்சாகியிருக்கும். அது கேள்வி கேட்பதற்காகவே போட்டிருப்பது. பல்கலைக்கழக இணையத்தளங்களில் விரிவுரையாளர்களின் முகவரிகள் இருக்கின்றன. லிங்க்டினில் ஒரே துறையில் படித்து வெளியேறியவர்களைத் தேடலாம். ஒவ்வொருவருக்கும் அவரவர் செய்த வேலையை வாசித்து, அதற்குப் பொருத்தமாக ஒரு வசனம் மாற்றி எழுதினாள். 12 கடிதத்துக்கு ஐந்து நாள் எடுத்தது.

நான்கு பதில் வந்தது.

ஒருவர், தான் இப்போது அந்தத் துறையில் இல்லை என்று எழுதி வாழ்த்தியிருந்தார். ஒருவர், வாசிக்கச் சொல்லி ஒரு கட்டுரையை அனுப்பியிருந்தார்.

மூன்றாவது ஒரு பெண் பொறியியலாளர். எங்கள் முதல் கடிதத்தில் "சேர்" ஆகிப்போன இருவரில் ஒருவர். அவர் எழுதியது எங்களுக்குச் சுட்டது: "உங்கள் முதல் கடிதமும் எனக்குக் கிடைத்தது. அதில் பதில் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை." அதற்குக் கீழே நீளமாக எழுதியிருந்தார். எந்த நேரத்தில் அளந்தாய், அலை ஏறும்போதா இறங்கும்போதா, தென்னைக்கும் கிணற்றுக்கும் இடைத்தூரம் தெரியுமா, தெரிந்தால் இரண்டையும் சேர்க்கலாம் என்று.

தென்னை போய்விட்டது. இடைத்தூரத்தை யாரும் அளக்கவில்லை. பிள்ளை அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். அப்போது அவளுடைய வாப்பா வாசிகசாலைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார், மகளைக் கூட்டிப் போக. என்ன பிரச்சினை என்று கேட்டார். சொன்னோம்.

"அது ஒம்போது பாகம் சேர்" என்றார். "தென்னையில இருந்து கிணத்தடித் தூணுக்கு கயிறு கட்டித்தானே நாங்க வல காயப் போடுற. இருவது வருஷமா அதே கயிறு."

ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த நீளம், ஏறக்குறைய ஆறு அடி. ஒன்பது பாகம் கிட்டத்தட்ட பதினாறரை மீற்றர். அந்தக் கயிறு இன்னும் வீட்டுக் கோடியில் கிடந்தது. எடுத்து அளந்தார்கள். சில சென்டிமீற்றர் வித்தியாசம்தான்.

இரண்டு கிழமை யாரோ ஒருவர் வீட்டு வாசலில் நின்ற மனிதர் அவர். மகளுக்குத் தேவையான ஒன்று அவரிடமே இருந்தது.

அந்தப் பொறியியலாளரிடம் பயிற்சி இடம் இருக்கவில்லை. சூமில் 25 நிமிடம் கதைத்தார். உம்மா கதவடியில் நின்றார், நாங்கள் பக்கத்து அறையில் இருந்தோம். கடைசியில் வேறொரு ஒபிஸில் இருக்கும் இன்னொருவரின் பெயரைச் சொல்லி, "நான் சொன்னதாக எழுது, அந்த அளவீட்டையும் அனுப்பு" என்றார். அவருக்கு எழுதினாள். ஒன்பதாவது கிழமையில் இடம் கிடைத்தது. இரவு பஸ்ஸில் கொழும்புக்குக் கூட்டிப்போனவர் அந்தச் சாச்சாதான்.

நான்காவது பதிலையும் சொல்ல வேண்டும். அது ஒரு ஆண். முதல் வரியிலேயே வட்ஸ்அப் நம்பர் கேட்டார், இரண்டாவது வரியில் போட்டோ கேட்டார். கேள்விக்குப் பதில் இல்லை. பிள்ளை அன்றே எங்களிடம் காட்டினாள். பதில் எழுதாமல் அந்த முகவரியைத் தடுத்துவிட்டோம். சாச்சாவின் பயத்தில் பாதி நியாயம் என்று சொன்னது இதைத்தான். அதற்காக எழுதாமலே இருப்பது மருந்தல்ல. வீட்டுக்குத் தெரிந்து எழுதுவதுதான் பாதுகாப்பு. பெண் பிள்ளைகளுக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் இதே சட்டம்: நிறுவன முகவரி உள்ளவருக்கே எழுதுங்கள். போட்டோ, அடையாள அட்டை, வீட்டு விலாசம் அனுப்ப வேண்டாம். பயிற்சி தருகிறேன், காசு கட்டு என்றால் அங்கேயே நிறுத்துங்கள். கதைப்பதென்றால் பகலில், வீட்டில் ஒருவருக்குத் தெரிந்து.

இப்போது, இது ஏன் வேலை செய்கிறது என்று நாங்கள் யோசித்ததைச் சொல்கிறோம்.

1973இல் மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். பொஸ்டனுக்கு அருகே தெரிந்தவர் மூலம் வேலை பெற்ற ஆட்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி என்றவர்கள் 100க்கு ஏறத்தாழ 17 பேர்தான். எப்போதாவது என்றவர்கள் ஏறத்தாழ 56. மிக அரிதாக என்றவர்கள் 28. காரணம் எளிது. நமக்கு நெருக்கமானவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரியும். நமக்குத் தெரியாத செய்தி தூரத்து ஆளிடம்தான் இருக்கும்.

இதை நம்மூரோடு வைத்துப் பாருங்கள். நாங்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் சொந்தம். ஒரு மையித்து வீட்டுக்கு ஒரு மணித்தியாலத்தில் ஊரே கூடும். அது பெரிய நிஃமத். ஆனால் கடல் ஆராய்ச்சியில் ஒரு பயிற்சி இடம் காலியாக இருக்கிறது என்ற செய்தி இந்த வட்டத்துக்குள் எப்படி வரும்? சாச்சாவுக்குத் தெரியாதது மாமாவுக்கும் தெரியாது. கொழும்பில் பிறந்த பிள்ளைக்கு வாப்பாவின் கூட்டாளி ஒருவர் அந்த ஒபிஸில் இருப்பார். நம் பிள்ளைக்கு இல்லை. அந்த இடைவெளியைக் கடக்க ஏழைப் பிள்ளையிடம் இருக்கும் ஒரே வாகனம் ஒரு நல்ல ஈமெயில். டேட்டா காசு மட்டும்தான் செலவு.

எங்களில் விஞ்ஞானம் படிப்பிப்பவர் வகுப்பில் பரடேயைப் பற்றிச் சொல்வார். மின்காந்தத் தூண்டல் பாடத்தில் வரும் அதே மைக்கேல் பரடே. லண்டனில் புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகிய பையன். முதலில் ரோயல் சொசைட்டியின் தலைவருக்கு வேலை கேட்டு எழுதினார், பதில் வரவில்லை. 1812இல் ஹம்ப்ரி டேவியின் விரிவுரைகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அதைத் தன் கையால் புத்தகமாகக் கட்டி டேவிக்கே அனுப்பினார். 1813இல் டேவியின் ஆய்வுகூடத்தில் உதவியாளரானார். கணிதம் படிப்பிப்பவர் ராமானுஜனைச் சொல்வார். சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் எழுதுவினைஞர். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதினார். அதற்கு முன் எழுதிய பேராசிரியர்களிடமிருந்து உதவி கிடைக்கவில்லை. ஹார்டிக்குப் போன கடிதத்தில் பக்கம் பக்கமாகத் தேற்றங்கள் இருந்தன. அடுத்த வருடம் கப்பலேறினார்.

இரண்டு பேரும் கையில் ஒன்றை வைத்துக்கொண்டு எழுதினார்கள். நம் பிள்ளைகள் ராமானுஜன் ஆக வேண்டியதில்லை. ஒரு சீஆர் கொப்பி போதும். கணக்கியல் படிக்கிற பிள்ளை வாப்பாவின் கடைக் கணக்கை ஆறு மாதம் ஒழுங்காக எழுதிப் பார்த்திருக்கலாம். விவசாயம் படிக்கிற பிள்ளை வயலில் எந்தக் கிழமை என்ன பூச்சி வந்தது என்று குறித்திருக்கலாம். அதிலிருந்து ஒரு கேள்வி பிறக்கும். அந்தக் கேள்விதான் கடிதம்.

எழுதப் போகும் பிள்ளைகளுக்குச் சுருக்கமாக:

ஈமெயில் முகவரியை முதலில் மாற்றுங்கள். "கிங் ஸ்டார்", "ஸ்வீட் ஏஞ்சல்" என்றெல்லாம் எங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. உங்கள் பெயர் போதும்.

கடிதம் போனில் ஒரு திரைக்குள் அடங்க வேண்டும். நான் யார், உங்களுக்கு ஏன் எழுதுகிறேன், நான் செய்தது என்ன, என் கேள்வி என்ன, நன்றி. ஒரு கடிதத்துக்கு ஒரு கேள்வி. பத்து நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வி.

ஒரே கடிதத்தை 50 பேருக்குத் தட்டிவிடாதீர்கள். எல்லா முகவரியையும் ஒரே வரியில் போட்டு அனுப்பிய பிள்ளையும் உண்டு. வாங்கிய ஐம்பது பேரும் மற்ற நாற்பத்தொன்பது பேரைப் பார்த்திருப்பார்கள்.

சாட்ஜிபிடியிடம் முழுக் கடிதத்தையும் எழுதக் கொடுக்காதீர்கள். எழுத்துப் பிழை பார்க்கக் கொடுங்கள். உங்கள் தென்னை மரம் அதற்குத் தெரியாது.

பதில் வராவிட்டால் பத்து நாள் பொறுத்து, அதே கடிதத்தின் கீழே இரண்டு வரியில் நினைவூட்டுங்கள். அதற்கும் இல்லையென்றால் இன்னுமொரு தடவை. பிறகு விட்டுவிடுங்கள். வீட்டு வாசலில் மூன்று தரம் சலாம் சொல்லிப் பதில் இல்லாவிட்டால் மனத்தாங்கல் இல்லாமல் திரும்பி வருகிறோமே, அதே அதபுதான்.

பதில் வந்தால் அன்றே நன்றி எழுதுங்கள். அவர் சொன்னதைச் செய்துவிட்டு, செய்ததை ஒரு மாதம் கழித்துச் சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் இதைத்தான் விடுகிறார்கள். முதல் பதிலோடு முடிந்தால் அது ஒரு உதவி. சொன்னதைச் செய்து காட்டினால்தான் அவர் உங்களை நினைவில் வைப்பார்.

எல்லோருக்கும் இது பலிக்கும் என்று சொல்ல வரவில்லை. அதே வருடம் இன்னொரு பிள்ளை 19 கடிதம் எழுதினான். நன்றாகவே எழுதினான். பிரயோசனமான பதில் ஒன்றும் வரவில்லை. கடைசியில் கெம்பஸ் மூலமாகத்தான் ஒரு இடம் கிடைத்தது. 19 கடிதம் எழுத 19 பேரின் வேலையை வாசித்தேன், அது நேர்முகப் பரீட்சையில் கைகொடுத்தது என்று சொன்னான். அவன் எங்களைச் சமாதானப்படுத்தச் சொன்னானா, உண்மையிலேயே சொன்னானா தெரியாது.

இன்னொன்றையும் சொல்லாமல் இந்தப் பதிவை முடிக்க மனம் வரவில்லை.

பல வருடங்களுக்கு முன் எங்களிடம் உயர்தரம் படித்த ஒரு பையன், வானியலில் பைத்தியம். வெளிநாட்டில் இருக்கும் ஒரு பேராசிரியருக்கு எழுதப் போகிறேன், கடிதத்தைப் பார்த்துத் தாருங்கள் என்று ஸ்டாஃப் ரூமுக்கு வந்தான். நாங்கள் சிரித்தோம். கெட்ட எண்ணத்தில் இல்லை. "முதல்ல எக்ஸாமப் பாரு மகன், அவங்க உனக்கெல்லாம் பதில் போடுவாங்களா?" என்று சொன்னோம். இப்போது அவன் கட்டாரில் சாரதி. நல்ல பிள்ளை, உம்மாவை நன்றாகப் பார்க்கிறான். போன நோன்புப் பெருநாளைக்கு ஊருக்கு வந்தபோது வாசிகசாலைக்கு வந்தான். இந்தப் பிள்ளையின் கதையைச் சொன்னோம். முழுதும் கேட்டுவிட்டு, "சேர், அந்த ஈமெயில் இன்னும் ட்ராஃப்ட்ல இரிக்கி" என்றான்.

வேறொன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான்.

அந்தக் கடிதம் போயிருந்தால் பதில் வந்திருக்குமா, அல்லாஹ்தான் அறிவான். ஆனால் அனுப்பவிடாமல் செய்தது அந்தப் பேராசிரியர் இல்லை. நாங்கள். அதனால்தான் இப்போது ஒரு பிள்ளை எழுதப் போகிறேன் என்று வந்தால், பதில் வருமா என்று யோசிப்பதில்லை. கேள்வி சரியா என்று மட்டும் பார்க்கிறோம்.

கடைசியாக, கொழும்பிலும் கண்டியிலும் டோஹாவிலும் லண்டனிலும் இருக்கும் நம்மவர்களுக்கு.

உங்கள் இன்பாக்ஸில் ஒரு தெரியாத பிள்ளையின் கடிதம் கிடக்கலாம். ஆங்கிலம் பிழையாக இருக்கலாம். பெண்ணான உங்களை "சேர்" என்று அழைத்திருக்கலாம். அது எங்களைப் போன்ற ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்த அச்சாகவும் இருக்கலாம். இரண்டு வரி எழுதுங்கள். வேலை கொடுக்க வேண்டியதில்லை. "எனக்குத் தெரியாது, இன்னாரிடம் கேள்" என்றாலும் போதும். "உன் கடிதத்தில் கேள்வி இல்லை, திரும்ப எழுது" என்றாலும் போதும். அந்தப் பொறியியலாளர் நம்மூர் இல்லை, நம் மொழியும் இல்லை. அவருக்கு நம்மோடு எந்தக் கடமையும் இருக்கவில்லை. 25 நிமிடம் கொடுத்தார்.

போன மாதம் நம்மூரிலிருந்து முதலாம் வருடப் பிள்ளை ஒருத்தி, யாரும் சொல்லாமலே, இந்தப் பிள்ளைக்கு ஈமெயில் எழுதியிருக்கிறாள். அடுத்த தெருதான். நேரில் போய்க் கேட்க வெட்கமாம். பதில் அன்று இரவே போயிருக்கிறது.

எழுத நினைக்கும் பிள்ளைகள் வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு வாசிகசாலைக்கு வாருங்கள். சான்றிதழ் கவர் தேவையில்லை. நீங்கள் சும்மா எழுதி வைத்திருக்கும் கொப்பி ஏதாவது இருந்தால் அதைக் கொண்டு வாருங்கள்.